கடிவாய் முடிக்குள் ஒளிந்திருக்கும்: சண்டை போட்ட முயல்களோடு எங்கள் அனுபவம்

நாயுடுபுரம், கொடைக்கானல்

போன ஐப்பசி மழையில் நடந்தது. எங்கள் வீட்டில் பஞ்சு என்று ஒரு வெள்ளைப் பெட்டை முயல் இரண்டு வருடமாக இருக்கிறது. மன்னவனூர் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போய் ஒயிட் ஜெயன்ட், சோவியத் சின்சில்லா முயல்களைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து மகளுக்குச் சாம்பல் நிறத்தில் ஒன்று வேண்டும் என்று ஆசை. தெரிந்தவர் வீட்டிலிருந்து மிளகு வந்தது. "இதுவும் பெட்டைதான், ஒத்துப்போகும்" என்று சொல்லிக் கொடுத்தார்கள். மழை விடவில்லை, நனையாத கூண்டு ஒன்றுதான் இருந்தது. அன்று ராத்திரியே மிளகைப் பஞ்சுவின் கூண்டில் விட்டேன். அது நான் செய்த பெரிய தப்பு.

விடியற்காலையில் கூண்டுக்குள் தடதடவென்று சத்தம். ஒன்றின் பின்பக்கத்தை மற்றது கவ்விக்கொண்டு வட்டமாகச் சுற்றுகின்றன, முடி பறக்கிறது. பதறிப்போய்க் கையை விட்டேன், விரலில் ஆழமாகக் கடி விழுந்தது. மகள் ஓடிப்போய் முறத்தைக் கொண்டுவந்து குறுக்கே செருகினாள். அப்புறம்தான் பிரிந்தன. வெறுங்கையை மட்டும் நடுவில் விடாதீர்கள். முறமோ தடித்த துண்டோ பக்கத்திலேயே இருக்கட்டும். (என் விரலைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டு, அன்றைக்கே டாக்டரிடம் காட்டி டெட்டனஸ் ஊசி போட்டுக்கொண்டேன்.)

பஞ்சுவின் காது கிழிந்து ரத்தம் வடிந்தது. சுத்தமான துணியால் ஐந்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடித்ததும் நின்றுவிட்டது. வேறு காயம் ஒன்றும் கண்ணில் படவில்லை. சாப்பிட்டது, ஓடியது, நானும் நிம்மதியாக இருந்துவிட்டேன்.

ஐந்தாம் நாள் தடவிக்கொடுக்கும்போது பிடரியில் கொண்டைக்கடலை அளவுக்கு ஒரு கட்டி தட்டுப்பட்டது. இரண்டு நாளில் நெல்லிக்காய் அளவாகிவிட்டது. கால்நடை மருத்துவர் முடியை விலக்கிக் காட்டினார். பல் இறங்கிய துளை, ஊசி குத்தியது போல அவ்வளவு சின்னது. மேல்தோல் மூடிக்கொண்டது, கிருமி உள்ளே தங்கிவிட்டது. முயலின் சீழ் தண்ணீராக ஓடாது, வெண்ணெய் மாதிரி கெட்டியாக இருக்கும். கீறிவிட்டால் வடிந்துவிடும் என்று நினைக்கக் கூடாது, பல நேரம் பையோடு சேர்த்து அறுத்து எடுக்க வேண்டும் என்றார். பஞ்சுவுக்கும் அப்படித்தான் எடுத்தார்கள்.

ரத்தம் வந்த காது ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. ரத்தமே வராத அந்தத் துளைதான் உயிருக்கு உலை வைக்கப் பார்த்தது. அதனால் சண்டை முடிந்ததும் முடியை எதிர்ப்பக்கமாக ஊதி ஊதிப் பாருங்கள். பிடரி, முதுகு, பின்பக்கம், அடிவயிறு, தொடை இடுக்கு, உதடு, கண் இமை, ஒன்றையும் விடாதீர்கள். பிறகு பத்து நாளைக்குத் தினமும் விரலால் தடவிப் பாருங்கள்.

கழுவுவதற்கு மருந்துக்கடையில் கிடைக்கும் நார்மல் சலைன் போதும். இல்லையென்றால் காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் 9 கிராம் உப்பு. பீட்டாடின் திரவத்தை லேசான கட்டன் சாயா நிறம் வரும்வரை தண்ணீர் கலந்துதான் தொட வேண்டும். ஸ்பிரிட், டெட்டால், நுரைக்கிற ஹைட்ரஜன் பெராக்சைடு எதுவும் வேண்டாம், ஆறுகிற சதையையே அவை கெடுக்கும். துளைக் காயத்தைப் பிளாஸ்திரி ஒட்டி மூடவும் வேண்டாம்.

இன்னொன்றை அழுத்தியே சொல்கிறேன். குழந்தைக்கு வாங்கி மிச்சமிருந்த அமாக்சிசிலின் சிரப்பைக் கொடுக்கச் சொல்லிப் பக்கத்தில் ஒருவர் சொன்னார். நல்லவேளை, கொடுக்கவில்லை. பென்சிலின் வகை மருந்து வாய் வழியாகப் போனால் முயலின் குடலில் இருக்கும் நல்ல கிருமிகள் செத்து, முயலே செத்துப்போகலாம். பஞ்சுவுக்குக் கால்நடை மருத்துவர் எடை பார்த்து என்ரோஃபிளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் மருந்தைக் கொடுத்தார்.

தாண்டிக்குடி

அக்கா, நீங்கள் சொன்ன தொடை இடுக்கில்தான் நாங்கள் கோட்டைவிட்டோம். எங்களுடையது ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு கடாக்கள். நாலு மாதம் வரை ஒன்றன்மேல் ஒன்று தூங்கியவை, திடீரென்று ஒரு நாள் ஒன்று மற்றதன் விதைப்பையைக் கிழித்துவிட்டது. மேலே பார்த்துவிட்டு விட்டுவிட்டோம். இங்கே காப்பித் தோட்டத்துக்குள் கொடைக்கானல் குளிர் இல்லை, ஈ அதிகம். இரண்டே நாளில் புழு வைத்துவிட்டது. முயல் தீவனத்தைத் தொடவில்லை, புழுக்கையும் நின்றுவிட்டது. பன்னிரண்டு மணி நேரம் சாப்பிடாமல் இருந்தாலே முயலுக்கு ஆபத்து என்று எங்களுக்கு அப்போது தெரியாது. மலை இறங்கிப் போய்த்தான் காப்பாற்றினோம்.

அப்புறம் இரண்டுக்கும் விதை நீக்கினோம். உடனே சேர்க்காமல் ஆறு வாரம் பொறுத்தோம். பக்கத்துப் பக்கத்தில் கூண்டு, நடுவில் நாலு விரல் இடைவெளி. ஒட்டி வைத்தால் கம்பி வழியாகவே மூக்கையும் கால்விரலையும் கடிக்கும். இதன் படுக்கைப் புல்லை அதற்கு, அதன் புல்லை இதற்கு என்று மாற்றி மாற்றிப் போட்டோம். முதல் சந்திப்பு அண்ணன் வீட்டுக் காலி அறையில், இரண்டுமே மோந்து பார்த்திராத இடம். பத்து நிமிடம்தான். ஏறுவதும் கொஞ்சம் துரத்துவதும் இருக்கும், அதற்குப் பிரிக்க வேண்டாம். காதைப் பின்னுக்கு மடக்கி வாலைத் தூக்கினால் அப்போதே பிரித்துவிடுங்கள்.

கவுஞ்சி

நான் மஞ்சளும் தேங்காயெண்ணெயும் குழைத்துப் பூசினேன். நக்கித் தின்றதுதான் மிச்சம். எண்ணெய் பட்ட முடி திரண்டு, ஈரம் காயாமல், காயத்தைச் சுற்றித் தோல் புண்ணாகிவிட்டது. எங்கள் ஊர்க் குளிரில் காயம் பட்ட முயலைக் குளிப்பாட்டவே கூடாது. அந்த இடத்தை மட்டும் கழுவி, துணியால் ஒற்றி, சுடுதண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். முடி வெட்டுவதும் கவனம், முயல் தோல் காகிதம் மாதிரி, கத்தரியோடு சேர்ந்து வந்துவிடும். பஞ்சுவும் மிளகும் இப்போது சேர்ந்துவிட்டனவா அக்கா?

நாயுடுபுரம், கொடைக்கானல்

இன்னும் இல்லை. மிளகு பெட்டையே இல்லை, கடா என்று டாக்டர் பார்த்ததும் சொல்லிவிட்டார். முயலுக்குச் சினைக்காலம் சுமார் 31 நாள். அதுவரை பஞ்சுவின் வயிற்றைப் பார்த்துப் பார்த்தே நாள் போனது. குட்டி இல்லை. மிளகுக்கு விதை நீக்கி ஐந்தாவது வாரம் நடக்கிறது. கூண்டுக்கு நடுவில் நாலு விரல் இடைவெளியை இன்றுதான் விட்டேன் தம்பி, இதுவரை ஒட்டித்தான் வைத்திருந்தேன். பஞ்சுவின் பிடரியில் முடி முளைத்துவிட்டது. நேற்றுக் கிக்குயு புல் அறுத்து இரண்டு பக்கமும் போட்டேன். கம்பிக்கு அந்தப் பக்கம் மிளகு, இந்தப் பக்கம் பஞ்சு, இரண்டும் ஒரே திசையில் படுத்துக்கொண்டு மென்றுகொண்டிருந்தன.