முட்டி வீங்கிய குதிரைக்கு மூட்டுக்குள் ஊசி போடலாமா?

செம்பனார்கோயில் வண்டிக்காரன்:

வணக்கம். எங்கள் பெண் குதிரை செவலைக்கு ஒன்பது வயது. நான்கு வருடமாக ரேக்ளா வண்டியில் ஓடுகிறாள். பதினைந்து நாட்களுக்கு முன்பு தார் ரோட்டில் பழக்கிவிட்டு வந்தோம். மறுநாள் காலை வலது முன்னங்கால் முட்டி பந்து போல உருண்டு நின்றது. தொட்டால் சுடுகிறது, விந்தி நடக்கிறாள். மாட்டுக்கு வாங்கி வைத்திருந்த டைக்ளோபெனாக் வலி ஊசியைத் தெருக்காரர் ஒருவர் போட்டார். இரண்டு நாள் தேறினாள், மீண்டும் வீங்கிவிட்டது.

இப்போது பந்தயக்காரர் ஒருவர், "முட்டிக்குள்ளேயே ஸ்டீராய்டு போட்டுவிடுகிறேன். பத்தே நாளில் ஓடுவாள், காணும் பொங்கலுக்குத் திருக்கடையூரில் இறக்கலாம்" என்கிறார். மருந்து பாட்டிலும் அவரிடமே இருக்கிறது. அப்பாவுக்கு ஆசை. எனக்கு மனம் ஒப்பவில்லை. இவள் பிறந்த இரவில் லாயத்தில் டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். போடலாமா, கூடாதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நாகை லாயம்:

தம்பி, அந்த ஆளை லாயத்துப் பக்கம் விடாதீர்கள். என் மட்டக்குதிரைக்கும் இப்படித்தான் ஒருவர் போட்டார். ஏற்கெனவே திறந்த பாட்டில், ரோமத்தின் மேல் ஸ்பிரிட் பஞ்சால் ஒரு துடைப்பு, அவ்வளவுதான். முதல் வாரம் துள்ளி நடந்தது. எட்டாம் நாள் அந்தக் காலைத் தரையில் ஊன்றவே இல்லை. மூட்டுக்குள் சீழ். சீழ் பிடித்ததையே ஸ்டீராய்டு மறைத்து வைத்திருந்தது என்று மருத்துவர் பிறகு சொன்னார். மூன்று முறை மூட்டைக் கழுவிப் பார்த்தார்கள், பிழைக்கவில்லை. அந்த முளையில் இன்றுவரை நான் வேறு குதிரையைக் கட்டவில்லை.

மன்னார்குடி, ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்:

மூட்டு ஊசி கெட்டதல்ல. நானே பலமுறை போட்டிருக்கிறேன். எதற்காகப் போடுகிறோம் என்று தெரியாமல் போடுவதுதான் கொடுமை. வீக்கம் ஒரு அறிகுறி மட்டுமே. உள்ளே வெறும் அழற்சியா, எலும்பில் சில்லு பெயர்ந்திருக்கிறதா, கிருமியா என்பதை எக்ஸ்ரேயும் மூட்டுநீர்ப் பரிசோதனையும்தான் சொல்லும். சில்லு இருக்கும் முட்டியில் ஸ்டீராய்டு போட்டு ஓடவிட்டால் வலி தெரியாது. குதிரை முழு வேகத்தில் ஓடும், ஒவ்வொரு அடியிலும் குருத்தெலும்பு அரைபடும்.

ஸ்டீராய்டு மருந்துகளும் ஒன்றுபோல் இல்லை. மெத்தில்பிரெட்னிசோலோன் திரும்பத் திரும்பப் போட்டால் குருத்தெலும்பையே கெடுக்கும். முட்டி போல அதிகம் மடங்கி நீளும் மூட்டுக்கு ட்ரையாம்சினோலோனைத்தான் பெரும்பாலும் தேர்ந்தெடுப்போம். அதோடு ஹையலூரோனிக் அமிலத்தைச் சேர்ப்பதும் உண்டு. அது மூட்டுநீரில் இயற்கையாகவே இருக்கும் வழுவழுப்பான பொருள். குதிரையின் சொந்த இரத்தத்தை எடுத்து, அதிலுள்ள தட்டணுக்களைச் செறிவாக்கி மூட்டில் செலுத்தும் முறையும் இருக்கிறது. ஆனால் உடல் பருத்த குதிரைக்கு ஸ்டீராய்டு போடுமுன் ஒருமுறைக்கு இருமுறை யோசிக்க வேண்டும். குளம்புக்குள் அழற்சி வந்தால் அதுவே பெரும் துயரம்.

போடுவதென்றால் கிருமிநாசினியால் பல நிமிடம் தேய்த்துக் கழுவிய தோல், கிருமி நீக்கிய கையுறை, புதிய ஊசி, அன்றுதான் திறந்த மருந்து. இவற்றில் ஒன்று குறைந்தாலும் வேண்டாம். போட்ட பிறகு சில நாள் உலர்ந்த வைக்கோலில் நிற்கட்டும். நம் ஊரில் குதிரையை வாய்க்காலில் இறக்கிக் குளிப்பாட்டுகிற வழக்கம் உண்டு, அதைத் தள்ளிப்போடுங்கள். குதிரையின் இயல்பான வெப்பம் 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ். காய்ச்சலோ, திடீரென்று காலைத் தூக்கிப் பிடிப்பதோ இருந்தால் விடியும் வரை காத்திருக்காதீர்கள்.

இன்னொன்று. கால்நடைகளுக்கு டைக்ளோபெனாக் 2006-லேயே தடை செய்யப்பட்டது. அந்த மருந்து உடலில் தங்கிய கால்நடையின் பிணத்தைத் தின்றுதான் பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. வலிக்கு மெலாக்சிகாம் இருக்கிறது, அளவை மருத்துவர் சொல்லட்டும். நாளையே ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு ஏற்றிச் செல்லுங்கள். அதுவரை தினமும் மூன்று முறை, முறைக்கு இருபது நிமிடம், காலில் குளிர்ந்த தண்ணீர் விடுங்கள்.

செம்பனார்கோயில் வண்டிக்காரன்:

ஐயா, மினி லாரி பிடித்துப் போய் வந்தோம். எக்ஸ்ரேயில் முட்டி எலும்பின் ஓரத்தில் அரிசி அளவுக்கு ஒரு சில்லு தெரிகிறது. ஸ்டீராய்டு இப்போது வேண்டவே வேண்டாம் என்றார்கள். சில்லை எடுக்கச் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோகலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். குளம்பின் முன்பக்கம் நீண்டுபோயிருந்ததையும் காட்டினார்கள், அதை நாங்கள் கவனிக்கவே இல்லை.

எக்ஸ்ரே படத்தை அப்பா நெடுநேரம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். திருக்கடையூருக்கு வரவில்லை என்று அந்தப் பந்தயக்காரருக்கு அவரே போன் செய்துவிட்டார். இப்போது மூன்று வேளையும் செவலையின் காலுக்குத் தண்ணீர் விடுவது அவர்தான். என்னிடம் பைப்பைத் தருவதில்லை.