புதுப்பிப்பு: காட்சிப் படங்களுக்கு அனுமதிக் கடிதம்

பழைய தமிழ்ப் படங்களின் ஒளியமைப்பு பற்றிய என் கட்டுரையில் வரும், திரைப்படத்திலிருந்தே எடுத்த ஒவ்வொரு காட்சிப் படத்துக்கும் தயாரிப்பாளரின் கடிதம் வேண்டும் என்று பதிப்பகம் அடம்பிடித்ததை முன்பு எழுதியிருந்தேன். இப்போது இறங்கி வந்துவிட்டார்கள். விமர்சனத்துக்கான நியாயமான பயன்பாட்டை அனுமதிக்கும் 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவைக் காட்டியும் அசையாதவர்கள், 1964 வரை வெளியான படங்களுக்கு 60 ஆண்டு உரிமைக் காலமே முடிந்துவிட்டது என்றதும் அடங்கினார்கள்.

படப்பிடிப்பில் ஸ்டில் கேமராக்காரர் எடுத்த விளம்பரப் படங்களின் கதை வேறு. அவை தனிப் புகைப்படங்கள், உரிமைக் கணக்கும் தனி. அவற்றை விட்டுவிட்டேன். அவற்றில் எல்லா முகங்களிலும் ஒரே வெளிச்சம், என் வாதத்துக்கு எப்படியும் உதவாது! நாயகியின் பாதி முகம் தூண் நிழலில் மறையும் கணத்தைப் படத்திலிருந்தே எடுத்து, கீழே விளக்கத்துடன் சேர்த்திருக்கிறோம். அட்டையில் மட்டும் படம் இல்லை. அங்கே போட்டால் அது விமர்சனம் அல்ல, அலங்காரம்.