புதுப்பிப்பு: பழைய காரில் கூலன்ட் ஹோஸ் கசிவு நின்றது

2003 மாடல் பெட்ரோல் கார், நிறுத்திய இடத்தில் பச்சை நிறக் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) சொட்டுகிறது, இரண்டு நாளுக்கு அரை லிட்டர் தண்ணீர் ரேடியேட்டரில் ஊற்றுகிறேன் என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலர் சொன்னபடி முதலில் ஹோஸை இறுக்கிப் பிடிக்கும் வளையமான கிளாம்பை இறுக்கினேன். ஒரே நாள்தான் நின்றது. அப்புறம், இன்ஜின் நன்றாக ஆறியதும் கிளாம்பை நகர்த்திவிட்டு ஹோஸ் முனையை மடக்கிப் பார்க்கச் சொன்னாரே ஒருவர், அதுதான் கைகொடுத்தது: ரேடியேட்டரின் மேல் ஹோஸில் சரியாகக் கிளாம்புக்கு அடியில் முடி மாதிரி வெடிப்பு, வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. புது ஹோஸும் இரண்டு கிளாம்பும் மாற்றினேன்.

எதிர்பாராதது, ரேடியேட்டர் கழுத்தில் வெள்ளை வெள்ளையாகப் படிவு. இத்தனை நாள் குழாய்த் தண்ணீர் ஊற்றிய பாவம், வேறென்ன. படிவைத் துடைத்து எடுத்தேன், மூடியின் ரப்பரும் இறுகிப் போயிருந்ததால் அதையும் மாற்றி, கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி ஊற்றினேன். மறுநாள் மட்டம் கொஞ்சம் இறங்கியதும் பகீரென்றது, ஆனால் உள்ளே அடைபட்டிருந்த காற்று வெளியேறியதுதான் காரணம். ஆறிய பிறகு மூடியைத் திறந்து ஒருமுறை நிரப்பினேன். மூன்று வாரமாக ஒரு சொட்டு இல்லை.