அகிதாட்சியா: ‘கிளர்ச்சி’ சரிவருமா? (சோவியத் சுவரொட்டிக் கலைச்சொற்கள்)

அன்புடையீர், வணக்கம்.

சோவியத் சுவரொட்டிகளின் படக்குறிப்புகளைத் தமிழாக்கும்போது ‘அகிதாட்சியா’ (ஆங்கிலத்தில் ‘அஜிட்டேஷன்’) என்ற ரஷ்யச் சொல் இடிக்கிறது. இடதுசாரி மொழிபெயர்ப்புகள் அதைக் ‘கிளர்ச்சி’ என்றே வைத்திருக்கின்றன. 1917க்கு முந்தைய துண்டறிக்கைகளுக்கு அது பொருந்தும். ஜார் ஆட்சிக்கு எதிராகத் தொழிலாளியை எழுப்பிவிடுவதுதானே அவற்றின் வேலை. ஆனால் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் அரசே அச்சிட்டு, நிலக்கரியைக் கூடுதலாக வெட்டச் சொல்லும் தாளைக் ‘கிளர்ச்சிச் சுவரொட்டி’ என்றால் என்ன ஆகும்? அரசை எதிர்த்து யாரோ ராவோடு ராவாக ஒட்டிவிட்டுப் போனது என்றுதான் வாசகர் நினைப்பார்.

‘பரப்புரை’ என்று போட்டுத் தப்பிக்கவும் வழியில்லை. அது ‘புரோபகாண்டா’வுக்கு வழங்கிவிட்டது. ரஷ்ய மார்க்சியர் பிளெகானவ் வகுத்து, 1902இல் லெனின் எடுத்தாண்ட வேறுபாடு இது: பரப்புரையாளர் பல கருத்துகளைச் சிலருக்குச் சொல்கிறார், அகிதாட்சியா செய்பவர் ஒன்றிரண்டு கருத்துகளைப் பெருந்திரளுக்குச் சொல்கிறார். வேலையின்மை என்று எடுத்துக்கொண்டால், முன்னவர் முதலாளித்துவத்தில் நெருக்கடி ஏன் வந்தே தீரும் என்று விளக்குவார். பின்னவர் பட்டினியில் செத்த ஒரு குடும்பத்தைச் சொல்லிக் கோபத்தை மூட்டுவார். 1920இல் கட்சியின் மத்தியக் குழுவில் அமைந்த துறைக்கு இரண்டையும் சேர்த்தே ‘அகித்புரோப்’ என்று பெயர். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் அந்தத் துறையின் பெயரையே தமிழில் சொல்ல முடியாது.

என் முன்மொழிவு ‘தூண்டுரை’. உங்கள் கருத்து?

— ம.

*

ம. அம்மாவுக்கு வணக்கம்.

‘தூண்டுரை’யில் குற்ற வாடை அடிக்கிறது. ‘தற்கொலைக்குத் தூண்டுதல்’, ‘கலவரத்தைத் தூண்டும் பேச்சு’ என்று வழக்கு மன்றத்திலும் நாளிதழிலும் அந்த வினை ஊறிப்போய்விட்டது. கிளர்ச்சியை விட்டுவிட்டு இதைப் பிடித்தால் பழைய சிக்கல் வேறு வாசல் வழியாக உள்ளே வருகிறது. ‘எழுச்சியுரை’ பாராட்டுபோல் ஒலிக்கிறது, அதுவும் வேண்டாம்.

‘முடுக்குரை’ என்று வைக்கலாமா? ‘பணிகளை முடுக்கிவிட்டார்கள்’ என்பது எல்லாருக்கும் தெரிந்த வழக்கு. ஆலை வாசலில் ஆள் சேர்த்து வேலைநிறுத்தத்துக்கு முடுக்குவதும் அதில் அடங்கும். உற்பத்தி இலக்கை எட்ட முடுக்குவதும் அடங்கும். எதிர்ப்பக்கமா ஆளும் பக்கமா என்ற தீர்ப்பு சொல்லுக்குள் இல்லை. நமக்கு வேண்டியது அதுதான். ஆட்சியைப் பிடித்த பிறகும் லெனினின் கட்சியினரான போல்ஷெவிக்குகள் பழைய சொல்லை மாற்றவில்லை; நாம் 1917ஐ வைத்து இரண்டு சொல்லாகப் பிளந்தால் அந்தத் தொடர்ச்சி மறைந்துபோகும்.

படத்துக்கு ‘உரை’ பொருந்துமா என்று சிலர் கேட்கக்கூடும். பொருந்தும். லெனின் பரப்புரையாளருக்கு அச்செழுத்தையும் முடுக்குபவருக்கு வாய்ப்பேச்சையும் ஒதுக்கினார். பேச்சாளர் போக முடியாத தெருவில், எழுத்துக்கூட்டி வாசிப்பவர்களுக்கு, சுவரொட்டி பேச்சாளரின் இடத்தில் நின்றது. 1919 முதல் 1921 வரையிலான ‘ரோஸ்தா சாளரங்கள்’ அப்படித்தான். ரோஸ்தா என்பது ரஷ்யத் தந்திச் செய்தி நிறுவனம். தந்தியில் செய்தி வரும்; கவிஞர் மயகோவ்ஸ்கி போன்றவர்கள் ஈரடி, நாலடி எழுதுவார்கள்; ஓவியர் அதை எண்ணிட்ட கட்டங்களாகப் பிரித்து வரைவார்; பிறகு அட்டையில் வெட்டுத்தகடு (ஸ்டென்சில்) வெட்டி, நிறத்துக்கு ஒரு தகடாகக் கையாலேயே படியெடுத்து, காலிக் கடைகளின் கண்ணாடிச் சாளரங்களில் வைப்பார்கள். அச்சகத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதுதான் வெட்டுத்தகட்டின் ஆதாயம். வளைய வடிவத்தை வெட்டினால், அதன் நடுத்துண்டு தாங்கல் இல்லாவிட்டால் கழன்று விழுந்துவிடும். ஆகவே ஆங்காங்கே ‘பாலம்’ விட்டு வெட்ட வேண்டும். நுண்ணிய நிழலுக்கு இடமில்லை. தட்டை நிறம், தடித்த கோடு, இடைவெளி விட்ட உருவம் எல்லாம் பாதிக்குப் பாதி இந்தக் கட்டாயத்தால் வந்தவை. கலைப்பாணி என்று மட்டும் குறிப்பெழுதிவிடாதீர்கள்.

— அ.

*

அ. ஐயா, ‘முடுக்குரை’யை ஏற்கிறேன். சொற்பட்டியலில் ‘முடுக்குரைச் சுவரொட்டி’ என்றும், துறைக்கு ‘முடுக்குரை–பரப்புரைத் துறை’ என்றும் சேர்த்துக்கொள்கிறேன். இயற்பியலின் ‘முடுக்க’த்தோடு குழம்பாது, ‘உரை’ காப்பாற்றும்.

அடுத்தது ‘அதிகாரக் குவிப்பு’. சர்வாதிகாரம் பற்றி எழுதும்போதெல்லாம் இதையே போடுகிறோம். ஆனால் அதிகாரத்தை ஒரு கையில் சேர்ப்பது வேறு, சேர்த்ததை யாரும் அசைக்க முடியாமல் ஆக்குவது வேறு. ஸ்டாலின் 1922 ஏப்ரலில் பொதுச்செயலாளர். 1927 நவம்பரில் அவருடைய போட்டியாளர் டிராட்ஸ்கி கட்சியிலிருந்து நீக்கம். 1929 நவம்பரில் இன்னொரு தலைவர் புகாரின், கட்சியின் உச்ச அமைப்பான அரசியல் குழுவிலிருந்து வெளியேற்றம். இதுவரை குவிப்பு. பின்னதற்கு ‘அதிகாரக் கெட்டிப்படுத்தல்’ என்று வைப்போம். செம்மையாக இல்லை என்பார்கள். பொருள் தெளிவாக இருக்கிறதே.

சுவரொட்டித் துறையிலேயே இந்தக் கெட்டிப்படுத்தல் நடந்ததைக் காட்டலாம். அதுவரை பல பதிப்பகங்களும் கலைஞர் அமைப்புகளும் தனித்தனியே வெளியிட்டுவந்தன. 1931 மார்ச்சில் வந்த மத்தியக் குழுத் தீர்மானம் எல்லாவற்றையும் ‘இசோகிஸ்’ என்ற அரசுக் கலைப் பதிப்பகத்தின்கீழ், கட்சி மேற்பார்வையில் கொண்டுவந்தது. படத்திலும் தடம் தெரியும். லாத்வியக் கலைஞர் குஸ்தாவ் கிளூத்சிஸ் ஒளிப்படங்களை வெட்டி ஒட்டிச் செய்த 1930ஆம் ஆண்டு ஒட்டுப்படம் ஒன்றில் லெனின் முகம் முன்னால், ஸ்டாலின் முகம் பாதி மறைந்து பின்னால். 1931இல் சுரங்கத் தொழிலாளர்களோடு ஸ்டாலின் மேலங்கியில் நடந்துவருகிறார், கிட்டத்தட்ட அவர்கள் அளவிலேயே. 1933இல் மார்க்ஸ், எங்கெல்ஸ், லெனின், ஸ்டாலின் என நான்கு பெருந்தலைகள். மக்கள் கீழே எறும்பளவு. இவற்றைச் செய்த கிளூத்சிஸ் 1938 பிப்ரவரியில் சுட்டுக் கொல்லப்பட்டார். லாத்வியர்களைக் குறிவைத்த கைதுகளில் அவரும் அகப்பட்டார். படைப்பு எதுவும் அவரைக் காப்பாற்றவில்லை.

ஆண்டை எழுதும்போது கவனம். நான்கு தலைச் சுவரொட்டி பல மொழிகளில், பின்னாளிலும் மறுபடி அச்சானது. படத்தைப் பார்த்து 1933 என்று போடக் கூடாது. தாளின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி ஓடும்: பதிப்பகம், பொறுப்பாசிரியர், தணிக்கை அமைப்பான கிளாவ்லித்தின் அனுமதி எண், அச்சக ஆணை எண், அச்சிட்ட படிகளின் எண்ணிக்கை, விலை. ஆணை எண்ணைப் படிகளின் எண்ணிக்கை என்று எடுத்துக்கொள்வது வாடிக்கையான தவறு. ‘திராஷ்’ என்ற ரஷ்யச் சொல்லை ஒட்டி நிற்பதுதான் படிகளின் எண்ணிக்கை. சட்டகம் போடும்போது இந்த வரியை நறுக்கிவிடுகிறார்கள். அப்படிப்பட்ட தாளுக்கு ‘அடிவரி நறுக்கப்பட்டது’ என்று குறித்து, ஆண்டு இடத்தைக் காலியாக விடலாம்.

இந்த வரிக்கு ‘வெளியீட்டு அடிவரி’ என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன். அச்சகத்தாரிடம் இதைவிடக் கச்சிதமான சொல் புழங்கினால் தெரிவியுங்கள்.

— ம.