எம்.எல்.ஏ.வின் சுகாதாரக் கூட்டம்: எதைக் கேட்டால் வேலை நடக்கும்?

மதுரை மாவட்டத்தில் எங்க தொகுதியில் அடுத்த வாரம் எம்.எல்.ஏ. சுகாதாரப் பணிகள் பற்றி விளக்கம் சொல்ல வருகிறார். இந்த மாதிரிக் கூட்டங்களில் எந்த மனு நகர்ந்தது, எது நின்றது என்று தெரிந்தவர்கள் உங்கள் ஊர்ப் பெயரை மேலே போட்டு எழுதுங்கள்.

மேலூர்

முதலில் மனு யார் மேசைக்குப் போக வேண்டும் என்று பாருங்க. ஆரம்ப சுகாதார நிலையம், துணை சுகாதார நிலையம் என்றால் மாவட்ட சுகாதார அலுவலர். மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி அரசு மருத்துவமனை என்றால் நலப்பணிகள் இணை இயக்குநர். பெரியாஸ்பத்திரி (அரசு ராஜாஜி மருத்துவமனை) என்றால் டீன். மாநகராட்சி எல்லைக்குள் இருக்கிற நகர்ப்புற நிலையம் என்றால் மாநகர நல அலுவலர். "எங்க ஊர் ஆஸ்பத்திரியைக் கவனிங்க" என்று பொத்தாம் பொதுவாக எழுதிக் கொடுத்தால் மனு மாதக்கணக்கில் சுற்றும்.

ஒரு மனுவில் ஒரே ஒரு கோரிக்கை. டாக்டர் இல்லை, கழிப்பறை இல்லை, தெருவிளக்கு எரியவில்லை என்று ஒரே தாளில் எழுதினால், மூன்றும் மூன்று துறை. முதல் துறை தன் பங்குக்குப் பதில் எழுதி மூடிவிடும், மற்ற இரண்டும் அத்தோடு போச்சு. எம்.எல்.ஏ.வின் பரிந்துரைக் கடிதத்தை இணைத்துத் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்திலும் கொடுத்து மனு எண் வாங்குங்க. பின்னால் தொடர்ந்து கேட்பதற்கு அந்த எண்தான் பிடி.

திருமங்கலம்

எம்.எல்.ஏ.வின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். கட்டடம், சுற்றுச்சுவர், தண்ணீர்த் தொட்டி மாதிரி நிலையாக நிற்கிற சொத்துக்குத்தான் அதில் வழி. சம்பளமும் மருந்தும் அதில் வராது.

"நிதி ஒதுக்கியாச்சு" என்று மேடையில் சொன்னால் எந்தப் படி என்று கேளுங்க. எம்.எல்.ஏ. பரிந்துரை, பொறியாளர் மதிப்பீடு, கலெக்டரின் நிர்வாக அனுமதி, டெண்டர், வேலை உத்தரவு என்று வரிசையாகப் போகும். நிர்வாக அனுமதி ஆணையின் எண்ணும் தேதியும் வந்த பிறகுதான் அதைப் பணம் என்று நம்பலாம்.

நம்ம பக்கம் பெரும்பாலும் மாட்டுவது இடத்தில். ஊர்க்காரர்கள் காட்டுகிற காலி இடம் கண்மாய்ப் புறம்போக்காக (ஏரிக்குச் சேர்ந்த அரசு நிலமாக) இருக்கும். நீர்நிலைப் புறம்போக்கில் கட்ட முடியாது, மதிப்பீடு போட்ட பிறகும் திரும்பி வந்துவிடும். கூட்டத்துக்கு முன்னாலேயே வி.ஏ.ஓ.விடம் புல எண்ணை (சர்வே நம்பர்) சொல்லி, நில விவரம் இருக்கும் 'அ' பதிவேட்டில் அந்த இடம் என்ன வகை என்று பார்த்து, புல வரைபட நகலோடு மனுவைக் கொடுங்க.

மேலூர்

திருமங்கலத்து அண்ணன் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கங்க. புது ஆரம்ப சுகாதார நிலையம் கேட்கிறவர்கள் மக்கள்தொகைக் கணக்கோடு வரணும். சமவெளிப் பகுதியில் 30,000 பேருக்கு ஒன்று என்பது அளவு, துணை நிலையத்துக்கு 5,000. சட்டமன்றத்தில் மக்கள் நல்வாழ்வுத் துறை மானியக் கோரிக்கை (துறைக்கான நிதி ஒதுக்கீடு) விவாதத்துக்கு முன்னாலேயே இந்தக் கணக்கு எம்.எல்.ஏ. கையில் இருக்கணும்.

தோப்பூர் எய்ம்ஸ் கதையில் பாதிக் கூட்டம் போய்விடும். 2019 ஜனவரி 27-ல் அடிக்கல் நாட்டியதிலிருந்து அந்த ஆதங்கம் நமக்கு எல்லாருக்கும் உண்டு. ஆனால் அது ஒன்றிய அரசின் வேலை, எம்.பி.யிடம் கேட்க வேண்டியது.

சோழவந்தான்

மருந்து இல்லை என்றால் மருந்தின் பெயர், எந்தத் தேதியில் இல்லை என்று சொன்னார்கள், இரண்டையும் எழுதுங்க. மருந்து வருவது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் கிடங்கிலிருந்து. கிடங்கிலேயே இல்லையா, நிலையத்திலிருந்து கேட்டு எழுதவே இல்லையா என்பதுதான் கேள்வி. பெயர் இல்லாத மனுவுக்கு "போதிய இருப்பு உள்ளது" என்ற ஒற்றை வரிப் பதில்தான் வரும்.

உசிலம்பட்டி

எல்லாரும் கட்டடத்தையே கேட்கிறீங்க. என் ஆதங்கம் குடிதண்ணீர், அதில் கிருமி சாக குளோரின் சரியாகக் கலக்கிறார்களா என்பது. 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர், அதாவது 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டிக்கு 120 கிராம். தூளை அப்படியே தொட்டியில் கொட்டக்கூடாது. பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கூழாகக் குழைத்து, மேலும் தண்ணீர் சேர்த்துக் கலக்கி, அரை மணி நேரம் தெளியவிட்டு, மேலே நிற்கிற தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்றணும். அடியில் தங்குவது சுண்ணாம்பு, அதைத் தூரக் கொட்டிவிடணும். வால்வைத் திறக்க ஒரு மணி நேரமாவது பொறுக்கணும்.

சோதனையைத் தொட்டியடியில் செய்து பிரயோசனமில்லை, கடைசித் தெருக் கடைசிக் குழாயில் செய்யணும். குளோரோஸ்கோப் (குளோரின் அளவு பார்க்கும் சிறு கருவி) குழாயில் தண்ணீர் பிடித்துச் சொட்டு மருந்து விட்டால் மஞ்சள் நிறம் வரும். குறைந்தது 0.2 பி.பி.எம். (லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின்) காட்டணும். நிறமே வரவில்லை என்றால் மூட்டையைத் திறந்தே போட்டு வீரியம் போயிருக்கும், இல்லையென்றால் குழாய் எங்கேயோ உடைந்து சாக்கடைத் தண்ணீர் கலக்கும். இரண்டாவதாக இருந்தால் வயிற்றுப்போக்கு வரும் முன்னே பிடித்தாகணும். கூட்டத்தில் இந்த அளவை எழுதி வைக்கும் குளோரின் பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லுங்க.

டெங்குவுக்குப் புகை அடிக்கச் சொல்லி மனு கொடுப்பதிலும் பெரிய பிரயோசனமில்லை. புகை பறக்கிற கொசுவை மட்டும் கொல்லும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை வீட்டுத் தொட்டிச் சுவரில் தண்ணீர் விளிம்புக்கு மேலே ஒட்டியிருக்கும், மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் தண்ணீர் பட்டால் பொரிக்கும். வாரம் ஒருமுறை தொட்டியைக் காலி செய்து பிரஷ்ஷால் சுவரைத் தேய்க்கணும். வீட்டுக்கு வருகிற கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர் எத்தனை பேர், எந்தத் தெருவுக்கு எந்தக் கிழமை என்று பட்டியல் கேளுங்க.

செல்லூர்

காப்பீட்டு அட்டை கேட்டு எம்.எல்.ஏ.விடம் நிற்க வேண்டியதே இல்லை, அக்கா, அண்ணே. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுக்கு ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்கணும். வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் மூன்றோடு கலெக்டர் ஆபீசில் இருக்கும் பதிவு மையத்துக்குப் போங்க. ஆதாரில் ஒரு மாதிரி, குடும்ப அட்டையில் ஒரு மாதிரி பெயர் இருந்தால் அங்கேயே நிற்கும், முதலில் அதைத் திருத்துங்க. குடும்ப அட்டையில் சேர்க்காத மருமகளுக்கும் இதே சிக்கல்தான். ஆபரேஷனுக்கு முன்னாலேயே மருத்துவமனை காப்பீட்டு ஒப்புதல் வாங்கிவிட்டதா என்று வார்டில் இருக்கும் காப்பீட்டுத் திட்டப் பணியாளரிடம் கேளுங்க. கையிலிருந்து பணம் கட்டிவிட்டுப் பில்லோடு வந்தால் மீட்பது ரொம்பக் கஷ்டம். சந்தேகத்துக்கு 1800 425 3993, கட்டணம் கிடையாது.