வேதி எதிர்ப்பா, வேதிப்பொருள் தாங்குதிறனா?

வணக்கம் நண்பர்களே,

ஒரு பொருள் அமிலம், எண்ணெய் போன்றவை பட்டாலும் கெடாமல் இருக்கும் தன்மையை ஆங்கிலத்தில் chemical resistance என்கிறார்கள். பிளாஸ்டிக் குழாய், ரப்பர் கேஸ்கெட் (கசிவைத் தடுக்க இணைப்பில் வைப்பது) அட்டவணைகளுக்காக இதற்கு இங்கே முன்வைக்கப்பட்ட ‘வேதி எதிர்ப்பு’ என்ற தமிழ்ச்சொல் எனக்கு உடன்பாடாக இல்லை. வேதியியலில் ‘எதிர்வினை’ என்ற சொல் ஏற்கெனவே புழங்குகிறது. அதன் பக்கத்திலேயே ‘எதிர்ப்பு’ வந்தால், வினை நடப்பதையும் நடக்காமல் இருப்பதையும் கிட்டத்தட்ட ஒரே சொல்லால் சொன்னதாகிவிடும். படிக்கும் மாணவர் குழம்பத்தான் செய்வார்.

‘வேதி’ என்ற முன்பகுதியும் இடிக்கிறது. ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர் எஞ்சின் ஆயிலில் ஊறினால் உப்பி, மெத்தென்றாகி, வலுவிழக்கும். அங்கே வேதிவினை எதுவும் நடக்கவேண்டியதில்லை. எண்ணெய் மூலக்கூறுகள் ரப்பரின் நீண்ட சங்கிலிகளுக்கு நடுவே புகுந்து அவற்றை விலக்குகின்றன. பிவிசி ஒட்டுப்பசையில் சேர்க்கப்படும் டெட்ராஹைட்ரோஃபியூரான் என்ற கரைப்பான் பிவிசியைக் கரைப்பதும் வினையல்ல, கரைதல்தான். ஆகவே ‘வேதிப்பொருள்’ என்று முழுதாகவே சொல்லவேண்டும்.

என் பரிந்துரை: வேதிப்பொருள் தாங்குதிறன்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, வினைச்சொல்லாக அப்படியே வாக்கியத்தில் உட்காருவது. ‘நைட்ரைல் ரப்பர் பெட்ரோலிய எண்ணெயைத் தாங்கும், அசிட்டோனைத் தாங்காது, ஈபிடிஎம் அசிட்டோனைத் தாங்கும், எண்ணெயைத் தாங்காது.’ கேஸ்கெட் மாற்றுபவருக்கும் இது விளக்கமில்லாமல் புரியும். எந்தப் பிளாஸ்டிக் குழாய் எந்த வேதிப்பொருளுக்கு ஏற்றது என்று பட்டியலிடும் பன்னாட்டுத் தர அமைப்பின் ஐஎஸ்ஓ 10358 அறிக்கையின் மூன்று தரங்களையும் தாங்கும், ஓரளவு தாங்கும், தாங்காது என்று எழுதிவிடலாம்.

தாங்குதிறன் எடைக்கு உரிய சொல் என்று ஐயா ஒருவர் எழுதியிருந்தார். சரி, சுமை தாங்குதிறன் அங்கேயே இருக்கட்டும். முன்னால் வரும் சொல் இரண்டையும் பிரித்துக் காட்டிவிடும். ஆனால் செறிவையும் வெப்பநிலையையும் சேர்த்துச் சொல்லாமல் இந்தச் சொல்லைத் தனியாக விடக்கூடாது. நீர்த்த கந்தக அமிலத்தை அறை வெப்பநிலையில் நன்றாகத் தாங்கும் பிவிசி குழாய், 60 பாகை செல்சியஸைத் தாண்டினால் வெறும் தண்ணீருக்கே இளகத் தொடங்கும்.

அப்புறம், இந்தச் சொல்லுக்குள் அடக்கக்கூடாத ஒன்று உண்டு. பெட்ரோல் கசிந்த மண்ணில் புதைத்த பாலிஎத்திலீன் குழாய் உடையாமல் இருந்தாலும், பென்சீன் போன்றவை அதன் சுவரை ஊடுருவிக் குடிநீரில் கலக்கலாம். குழாய் தாங்கியது, தண்ணீர் கெட்டது. அட்டவணையில் ‘தாங்கும்’ என்று மட்டும் பார்த்து யாரும் ஏமாறக்கூடாது. இதற்கு ‘ஊடுருவல் தடுப்பு’ என்று தனி நிரல் வைக்கலாம் என்பது என் எண்ணம். இதைவிடச் சுருக்கமான சொல் இருந்தால் எழுதுங்கள்.