மறு: ‘அடையாளம்’ போதாது, ‘ஆள்மாறாமை’ சரிவருமா?

குழுவினருக்கு வணக்கம். ஆங்கிலத்தில் ‘personal identity’ என்கிறார்களே, ஒருவர் எப்போதும் வேறொருவர் ஆகாமல் அவரேயாக இருப்பது, அதற்குத் தமிழ்ச் சொல் எது என்ற பேச்சுக்கு என் மறுமொழி இது.

> மெய்யியல் சொல்லடைவில் இதற்குத் ‘தனிநபர் அடையாளம்’ என்றே போட்டுவிடலாம். எல்லாருக்கும் புரியும்.

மன்னார்குடி ஐயா, புரியும்தான். ஆனால் புரிவது வேறொன்று. அடையாளம் என்றதும் ஆதார் அட்டையும் பத்திரத்தில் எழுதும் மச்சமும்தான் நினைவுக்கு வருகின்றன. அவை ஆளைக் கண்டுபிடிக்க உதவும் குறிகள். இறந்த பிறகும் ஒருவர் இருக்கிறார் என்று யாராவது வாதிட்டால் நாம் கேட்பது ‘இருப்பது அவரேதானா?’ என்று. எல்லாக் குறியும் பொருந்தியும் அது வேறு ஆளாக இருக்கலாம்.

இந்தச் சொல்லுக்காக நான் இவ்வளவு மல்லுக்கட்டக் காரணம் உண்டு. போன சித்திரையில் திருவையாற்று வீட்டில் அப்பா தவறினார். விடிகாலை வரை ‘அப்பா எப்படியிருக்கார்?’ என்று கேட்டவர்கள், ஒன்பது மணிக்கு ‘பாடியை எப்ப எடுக்கிறீங்க?’ என்றார்கள். அம்மா மட்டும் பந்தல் இடுக்கில் இறங்கிய வெயிலைப் பார்த்துவிட்டு, ‘அவர் முகத்துல வெயில் படுது, அந்தத் தட்டியை இழுத்து விடுப்பா’ என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே, ‘அவர் உடம்பை நல்லாத் துடைச்சு விடுங்க’ என்றாள். வெயில் பட்டது அவர்மேல். துடைக்கச் சொன்னது அவர் உடம்பை. அன்றைக்கு எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பிறகுதான் சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரம் நினைவுக்கு வந்தது.

திருவெண்ணெய்நல்லூரில் வளர்ந்த மெய்கண்டார், 13ஆம் நூற்றாண்டில் எழுதிய அந்தச் சைவ சித்தாந்த நூலில், ஆன்மா உண்டு என்பதற்கு அடுக்கும் காரணங்களில் ஒன்று ‘எனதுடல் என்றலின்’. என் உடல் என்று சொல்பவர் உடலுக்கு வேறானவராக இருக்க வேண்டும் என்பது வாதம். ‘என் உயிர்’ என்றும்தானே சொல்கிறோம் என்று மறுக்கலாம். அந்த மறுப்புக்கு வலு உண்டு, பேச்சு வழக்கு மட்டும் சாட்சியாகிவிடாது. ஆனால் கேள்வியை அவர் சரியான இடத்தில் வைத்திருக்கிறார்.

கும்பகோணம் நண்பர் தந்த ‘ஆளொருமை’ எனக்கும் முதலில் பிடித்தது. தடை குறளில் இருக்கிறது. ‘ஒருமைக்கண் தான்கற்ற கல்வி ஒருவற்கு எழுமையும் ஏமாப்பு உடைத்து’ (398). இங்கே ஒருமை என்றால் ஒரு பிறப்பு. பல பிறப்பிலும் அதே ஆள்தானா என்று கேட்கிற சொல்லுக்குள்ளேயே ‘ஒரு பிறப்பு’ உட்கார்ந்திருந்தால் குழப்பம்தான். போதாததற்கு ‘ஆளுமை’ வேறு பக்கத்திலேயே நிற்கிறது.

என் பரிந்துரை: ஆள்மாறாமை. ஆள்மாறாட்டம் எல்லாருக்கும் தெரிந்த சொல். தேர்வு அறையிலும் பத்திரப்பதிவிலும் நடக்கிற மோசடி. அது நடக்காத நிலை ஆள்மாறாமை.

வாதங்களில் போட்டுப் பார்த்தேன். ஆங்கில மெய்யியலாளர் ஜான் லாக், மனித அறிவைப் பற்றிய தன் நூலின் இரண்டாம் பதிப்பில் 1694இல் சேர்த்த இயல்: இளவரசனின் நினைவுகள் செருப்புத் தைப்பவரின் உடலில் புகுந்தால் அவர் யார்? லாக்குக்கு ஆள்மாறாமை நினைவில் இருக்கிறது, ஆகவே அவர் இளவரசன்தான். உடல் போனாலும் ஆள் தொடரலாம் என்பதற்கு அங்கே வழி திறக்கிறது. 1736இல் இறையியலாளர் ஜோசப் பட்லர் மறுத்தார்: ‘நான் செய்தது நினைவிருக்கிறது’ என்னும்போதே செய்தவன் நான் என்பதை ஏற்றுக்கொண்டாயிற்று, நினைவு ஆள்மாறாமையைக் காட்டலாம், உண்டாக்காது. சொல் தடுக்காமல் உட்காருகிறது.

இருபதாம் நூற்றாண்டுச் சமய மெய்யியலாளர் ஜான் ஹிக்கின் வாதம்தான் கடினம். இங்கே ஒருவர் இறக்க, வேறோர் உலகில் அதே உடலமைப்பும் அதே நினைவும் உள்ளவரை இறைவன் படைத்தால், அவர் இவரே என்கிறார் ஹிக். ஒருவரைப் படைக்க முடிந்தால் இருவரையும் படைக்கலாமே, அப்போது எவர் இவர்? நம் வயலில் வைத்துப் பாருங்கள். அறுத்த தாளிலிருந்து துளிர்க்கிற மறுதாம்பு பழைய தூரின் தொடர்ச்சி. அதே ரக விதைநெல்லில் முளைத்த நாற்று எவ்வளவு ஒத்திருந்தாலும் வேறு பயிர். ஹிக் காட்டுவது நாற்று என்றுதான் எனக்குப் படுகிறது. மறுதாம்பைக் காட்ட வேண்டும் என்றால் அறுப்புக்குப் பிறகும் ஏதோ ஒரு வேர் மிஞ்சியிருக்க வேண்டும். ஆன்மா என்று மெய்கண்டார் சொல்வது அந்த வேரைத்தான்.

ஒரு குறை இருக்கிறது. சிங்கப்பூர் போய் வந்தவனை ‘ஆளே மாறிட்டான்’ என்கிறோம். அங்கே மாறியது குணம், ஆள் அவனேதான். ‘செருப்பு மாறிப்போச்சு’ என்கிற மாறுதல்தான் நமக்கு வேண்டியது. எனவே சொல்லடைவில் ‘வேறொருவர் ஆகாமை, குணம் மாறாமை அன்று’ என்று ஒரு வரி சேர்த்துவிடலாம்.

மயிலாடுதுறை அம்மா, நீங்கள்தான் பதிவைத் தொகுக்கிறீர்கள். இதைவிட நல்ல சொல் கிடைத்தால் என்னுடையதைத் தயங்காமல் எடுத்துவிடுங்கள். ‘அடையாளம்’ மட்டும் வேண்டாம். ஆடி அமாவாசைக்குப் புஷ்ய மண்டபப் படித்துறையில் எள்ளும் தண்ணீரும் விடும்போது நான் அப்பாவின் அடையாளத்துக்கு விடவில்லை.